அத்தை எடுத்த களை

ஜவளகிரிக் காட்டோரத்தில் பிறந்து, இன்றைக்கு ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வரிசை. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு இன்றும் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என்னை மறந்திருந்தாலும் நம் கோயில் காட்டில் நின்ற சந்தன மரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதைக் கட்டிப்பிடித்து முகர்ந்து ஏமாந்தவர்கள்தானே நாமெல்லாம். நிற்கிற சந்தன மரத்துக்கு வாசனை கிடையாது. இலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாடை. பட்டையில் மூக்கை வைத்தால் எறும்பு ஏறும். வாசனை உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னதை நாம் நம்பவில்லை. ஆனால் பழம் நன்றாக இருக்கும். சுண்டைக்காய் அளவு, நாவல் பழ நிறம், தோலில் மட்டும் கொஞ்சம் இனிப்பு, மற்றதெல்லாம் கொட்டை. நமக்கு முன்னால் குயிலும் கொண்டைக்குருவியும் தின்றுவிடும். மிச்சத்துக்குத்தான் நமக்குள் சண்டை.

அந்த மரம் எப்படிச் செத்தது என்று யாராவது கேட்டால், நீங்கள் என் அத்தையைத்தான் சொல்வீர்கள். அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கோயில் காடு என்றாலும் கோயில் என்று ஒன்றும் கட்டியிருக்கவில்லை. பாறைக் குன்றின் அடிவாரத்தில் வடக்குப் பார்த்து நட்ட ஒரு கல். அதில் வில்லோடு ஒரு ஆள், காலடியில் ஒரு புலி. மாட்டைக் காப்பாற்றப் போய் புலியோடு செத்தவன், அவன்தான் நம் வேடியப்பன் என்பார்கள். எண்ணெய் பூசிப் பூசி அவன் முகம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியாது. கல்லுக்குப் பின்னால் சந்தன மரம். மரத்தைச் சுற்றி ஆள் நுழைய முடியாத புதர். சூரைமுள், காரை, உண்ணிச்செடி, பெயர் தெரியாத கொடிகள். புதருக்கு மேலே மரத்தின் தலை மட்டும் தெரியும்.

அந்தக் காட்டுக்குள் வெட்டுக்கத்தி கொண்டு போகக் கூடாது. அங்கேயிருந்து ஒரு குச்சியும் வெளியே வரக் கூடாது. காலில் தைத்த முள்ளைக்கூட அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வருவோம். ராகி முற்றும் காலத்தில் மேற்கேயிருந்து யானைகள் இறங்கும்போது இந்தக் காட்டில்தான் ஒதுங்கும். வயலில் நின்று யானை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாமி வந்திருக்குது என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சாணத்தைப் பார்க்கப் போனபோது, புதரின் ஒரு பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்தது. சந்தன மரத்தில் ஒரு கிளைகூட ஒடிந்திருக்கவில்லை. பூசாரி அந்தச் சாணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, சாமியிடம் கன்னடம், நம்மைத் திட்டுவதற்குத் தமிழ்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சில வருடம் ஆகியும் குழந்தை இல்லை. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இரு, ஆள் அனுப்புகிறேன் என்று மாமா பஸ் ஏற்றிவிட்டாராம். ஆள் வரவில்லை. எனக்கு விவரம் தெரிந்த வயதில் அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தளியிலிருந்து வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் தலை நிமிர்ந்துவிடும். பஸ் போனதும் குனிந்துகொள்வாள்.

களை எடுப்பதில் அவள் கையைப் போல ஊரில் கை இல்லை. ராகியைப் போலவே முளைக்கிற புல் ஒன்று உண்டு. நீளமும் நிறமும் ராகிதான். கதிர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அத்தை தண்டின் அடியை இரண்டு விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நகரும்போது அவள் மட்டும் முன்னால் போய்விடுவாள். அவள் போன இடம் சீவி விட்ட தலை மாதிரி இருக்கும். புளியங்கட்டையில் பிடி போட்ட ஒரு களைக்கொத்து வைத்திருந்தாள். பிடியில் அவள் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நான் எடுத்தால் என் கைக்கு அது பொருந்தாது.

கேலிக்கும் குறைவில்லை. பஸ் சத்தத்துக்கு அவள் நிமிரும்போதெல்லாம் வரிசையில் யாராவது ஒருத்தி, "உன் புருசன் வர்ற வழியில ஒரு புல்லு விடமாட்ட போல, அவன் எதைப் புடிச்சுக்கிட்டு வருவான்?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். வேலைக்குக் கூப்பிடுவார்கள், கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த நாட்களில் அவள் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பாள்.

நம் ஊரிலிருந்து முதலில் ஓசூர் கம்பெனிக்குப் போனவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். நீலச் சட்டை, பையில் பேனா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோருக்கும் பன். அந்த வருடம் ஆடி மாதம் வந்தவர், கோயில் காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து அப்பாவிடம் குறைப்பட்டார். கம்பெனியில் சும்மா நிழலுக்கு வைத்த மரத்துக்கே வட்டமாகப் பாத்தி கட்டி, ஒரு புல் இல்லாமல், அடியில் சுண்ணாம்பும் காவியும் அடித்து வைத்திருக்கிறார்களாம். நம் சாமி மரம் முள்ளுக்குள் மூச்சுத் திணறி நிற்கிறதே, நாமெல்லாம் சோறு தின்கிறோமா என்று கேட்டார். அவரோடு வேலை செய்த நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து மரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை. சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் சாமிக்குச் செய்ய வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் அவர்கள்.

பூசாரி தயங்கினார். கத்தி போகாத காடு. அதனால் பூ கேட்பது என்று முடிவானது. சின்ன வயதில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரளிப் பூ இரண்டைத் தண்ணீரில் நனைத்து கல்லின் இரண்டு தோளிலும் ஒட்டவைப்பார். சாமிக்கு வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். அன்று காலையில் ஊரே கூடியிருந்தது. நாங்கள் பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தோம். கிழக்கே மரங்களின் இடைவெளி வழியாக வெயில் வந்து கல்லின் ஒரு தோளில் மட்டும் விழுந்திருந்தது. எண்ணெய்க் கல் அந்த இடத்தில் மினுமினுத்தது. வலப்பக்கத்துப் பூ விழுந்தது. உறுமி அடித்தார்கள்.

ஆண்கள் புதரை வெட்டித் தருவார்கள், வேரை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது அப்பாதான் முன்னால் வந்தார். எப்போதும் பின்னால் நிற்கிற ஆள். "வேரோட களை எடுக்கணும்னா என் தங்கச்சி கைதான்" என்றார். பூசாரி தலையாட்டினார். கல்யாணத்துக்குக் கூப்பிடாத பெண்ணை சாமி வேலைக்குக் கூப்பிட்டாயிற்று. அப்பா அதற்காகத்தான் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. தங்கைக்கு ஊரில் ஒரு இடம் வாங்கிக் கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் வேண்டிக்கிட்டேன் அண்ணி. சாமி மரத்தடி சுத்தமாகட்டும். என் வழியும் சுத்தமாகிடும். அவரு வந்து கூட்டிக்கிட்டுப் போவாரு." அம்மா அவள் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

வேலை நடந்த நாட்கள் முழுக்க அத்தை பகலில் சாப்பிடவில்லை. வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றி மண்ணைக் கொத்தி, வேரைத் தொடர்ந்து போய், நுனிவரை எடுப்பாள். நம்மைப் போன்ற பிள்ளைகள் அதை அள்ளி ஒரு மூலையில் குவித்தோம். காட்டை விட்டு ஒன்றும் வெளியே போகக் கூடாதே. பெயர்த்த மண்ணின் ஈர வாடையும் உண்ணிச்செடி கசங்கிய வாடையும் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கையில் இருக்கும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மண்ணுக்குள் காட்டினாள். சந்தன மரத்து வேரும் முள்செடி வேரும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவை தொடுகிற இடங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள், ஆட்டுக்குட்டியின் வாய் மடியில் ஒட்டிக்கொண்டிருப்பது போல. ஒன்றைப் பிய்த்தால் லேசாக ஈரம் கசிந்தது.

"பாரு கண்ணு, எப்படிக் கவ்விப் புடிச்சு உறிஞ்சுது பாரு. சாமி மரம்னு இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தனை வருசமா இதைத் தாங்கிக்கிட்டு நின்னிருக்குது, வாயில்லாத மரம்."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. பிறகு ஒவ்வொரு முடிச்சாக, மரத்தின் வேருக்கு வலிக்காமல், நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தாள். மற்றவர்களாக இருந்தால் கொத்தால் இழுத்துப் போட்டிருப்பார்கள். அத்தனை நுணுக்கமாக எடுத்தது அவள் கை. ஒன்றைக்கூட விடவில்லை.

புதருக்கு அடியில் சிறு சந்தனக் கன்றுகள் சில முளைத்திருந்ததும் எனக்கு நினைவில் இருக்கிறது. பறவை போட்ட கொட்டை. கன்றுகள் முள்ளுக்குள்தான் முளைத்திருந்தன. வெறும் தரையில் ஒன்றுகூட இல்லை. நாம் எல்லோரும் பார்த்தோம். முள்ளுக்குள் இருந்தால் ஆடு மேயாது, அதனால்தான் என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

பஸ்ஸின் மேல் சிமெண்ட் மூட்டை வந்தது. மேடை எழுந்தது. மரத்தின் அடியில் சுண்ணாம்பும் காவியும் அடித்தார்கள். முதல் முறையாக மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தோம். இவ்வளவு ஒல்லியா என்று தோன்றியது. ஊர் முழுக்க அத்தையின் கையைத்தான் பேசினார்கள். அந்த ஆவணியில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வைத்து அவளை அழைத்தார்கள். அவள் போய்விட்டு வந்து, தலையில் வைத்த பூவைக் காய்ந்த பிறகும் எடுக்காமல் இருந்தாள். ஆனேக்கல்லுக்கும் சேதி போயிற்று. பொங்கல் கழித்து வருகிறோம் என்று மாமாவின் அம்மா யாரோ வியாபாரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா வீட்டுக்குச் சாணி மெழுகினாள். அத்தை தன் துணிகளைத் துவைத்து மடித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தாள். தினமும் அதைத் திறந்து மறுபடி மடிப்பாள்.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. எல்லா மரமும் தழைத்தபோது சந்தன மரத்தில் இலை மஞ்சளானது. மழை அதிகமாகிவிட்டது என்றார்கள். கார்த்திகையில் நுனிக் கிளைகள் கருகின. பனி என்றார்கள். அத்தை தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் மேடையில் விட்டிருந்த துளையில் ஊற்றினாள். மேடையின் இடுக்கில் முளைக்கிற சின்னப் புல்லைக்கூடக் கிள்ளி எடுத்தாள். பொங்கலுக்குள் மரத்தில் இலையே இல்லை. குயில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பொங்கல் கழிந்தும் ஆனேக்கல்லிலிருந்து யாரும் வரவில்லை. மரம் காய்ந்த சேதி அதற்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

ஊர்க்கூட்டம் மேடையிலேயே நடந்தது. சிமெண்ட் என்று யாரோ மெதுவாக ஆரம்பித்தபோது சித்தப்பாவும் அவரோடு இருந்த பையன்களும் தலை குனிந்தார்கள். பூசாரி அதைத் தொடர விடவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால் அவரும் பயந்துபோயிருந்தார் என்று தெரிகிறது. கத்தி போகாத காட்டில் கத்தி போக விட்டவர் அவர். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுதான் இருந்தது.

"பூவு சாமி குடுத்தது. வலப்பக்கம்தான் விழுந்துச்சு, எல்லாரும்தான் பார்த்தீங்க. சாமி வாக்கு தப்பாது. அப்போ தப்பு எங்க? கையில."

யார் கை என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வாழாமல் வந்தவள் கை என்று ஒரு குரல் கேட்டது. அத்தை என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கைகாட்டியது அவர்தானே, இப்போதும் ஏதாவது சொல்வார் என்று நானும் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தபடி, அபராதமாகத் தேங்காய் உடைத்துவிடுகிறேன் என்றார். அப்படிச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். அவர் அப்படித்தான். சண்டை எதுவானாலும் தலையைக் கொடுத்து முடித்துவிட்டு வருகிற ஆள். ஆனால் அந்தத் தேங்காய் உடைந்ததும் குற்றம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது. களைக்கொத்தை சாமி முன்னால் வைத்துவிடச் சொன்னார்கள். அத்தை போய் வைத்துவிட்டு வந்தாள். வெகுநாள் கழித்து நான் பார்த்தபோது இரும்பு துருவாக உதிர்ந்திருந்தது. பிடி மட்டும் கிடந்தது.

அதன் பிறகு அவளை யாரும் களைக்குக் கூப்பிடவில்லை. வாய்விட்டு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வயலில் அம்மா கூப்பிட்டபோது அத்தையே மறுத்துவிட்டாள். உங்க ராகி கருகிடும் அண்ணி என்றாள்.

காய்ந்தாலும் சந்தனம் சர்க்கார் சொத்து. காட்டிலாகா ஆட்கள் ஜீப்பில் வந்து மேடையை உடைத்து மரத்தை அறுத்தார்கள். வேரோடு எடுத்தார்கள். ரம்பம் உள்ளே போகப் போக, நாம் இத்தனை காலம் தேடிய வாசனை வந்தது. உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? காட்டிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து, சோற்றுப் பானையில்கூடச் சந்தனம். மரத்தூளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு நாம் ஓடினோம். நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் கையை நீட்டினேன். அவள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டாள். கழுவியும் போகவில்லை.

அந்த வாரமே அத்தை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினாள். இத்தனை வருடம் எந்தப் பஸ்ஸுக்கு நிமிர்ந்து பார்த்தாளோ அதே பஸ். மாமாவிடம் போகவில்லை, அவருக்கு வேறு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கன்னடத்து எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பூந்தோட்டத்தில் வேலை என்று தெரிந்தவர்கள் சொல்லிப் போனாள். சாமந்தி, ரோஜா, பிறகு கண்ணாடித் தாள் போட்ட கூடாரத்துப் பூ என்று காலம் முழுக்கப் பூப் பறித்தே பிழைத்தாள். பறிப்பாள், கட்டுவாள், மூட்டை போடுவாள். களை மட்டும் எடுக்க மாட்டாள். முதலாளி அதிகம் தருகிறேன் என்றாலும் இடுப்பு வலி என்று சொல்லிவிடுவாளாம்.

தீபாவளிக்கும் யுகாதிக்கும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கோயிலுக்குக் கூட்டிப்போனால் குங்குமம் வாங்கிக்கொள்வாள். சந்தனம் கொடுத்தால் கையை மூடிக்கொள்வாள். அப்பா சாகும் முன்பு படுக்கையில் இருந்தபோது, ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்றார். யாரிடம், எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் இறந்த அன்று அத்தை வந்தாள். கோயில் காடு இருக்கிற வழியை விட்டு, சுற்றிக்கொண்டு வந்தாள்.

சித்தப்பா சேர்த்துவிட, நானும் ஓசூருக்கு வந்துவிட்டேன். படிப்பு இல்லாததால் மெஷினில் விடவில்லை, தோட்ட வேலை. மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டுவேன், சுண்ணாம்பும் காவியும் அடிப்பேன். இத்தனை வருடமும் அதுதான் வேலை.

போன வருடம் மழைக்காலத்தில் கம்பெனியில் வேலியோரம் சந்தனம் வைப்பதென்று முடிவு செய்து, உத்தனப்பள்ளிப் பக்கத்து நர்சரியிலிருந்து வண்டியில் கன்றுகள் வந்தன. கறுப்புப் பையில் சாணளவுக் கன்று. ஒவ்வொரு பையிலும் அதோடு ஒரு களை. பொன்னாங்கண்ணி மாதிரி படர்ந்து கன்றை மூடியிருந்தது. சோம்பேறிப் பசங்க, களை கூட எடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று மனதில் திட்டிக்கொண்டு, உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். வண்டியில் வந்த நர்சரிப் பையன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, அதைப் புடுங்காதீங்க, கன்னு செத்துடும். அது நாங்களே வெச்சது. சந்தனத்துக்குத் தனியா சாப்பிடத் தெரியாது. பக்கத்துச் செடியோட வேரைக் கவ்வி அதுலதான் உறிஞ்சும். நட்டப்புறம் பக்கத்துல துவரை போடுங்க, அப்புறம் சவுக்கு ஏதாச்சும் வையுங்க."

நான் பிடுங்கிய செடியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வேரில் சின்னச் சின்ன முடிச்சு. ஆட்டுக்குட்டியின் வாய். அன்று அத்தை காட்டியது இதையேதான். உறிஞ்சுகிறது என்று அவள் சொன்னதும் சரி. எது எதை என்பதில் மட்டும் தவறு. வயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, நட்டது பயிர், நடாமல் முளைத்தது களை. பயிரைத்தான் களை உறிஞ்சும். வேறு மாதிரி நினைக்க எங்களுக்கு வராது. சாமிக்குப் பூ வைப்பதைப் போல அத்தனை கவனமாக அவள் பிரித்து எடுத்தாளே, மரத்தின் வாயை அல்லவா ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். பிடுங்கிய செடியைத் திரும்பப் பைக்குள் ஊன்றிவிட்டு, கன்றுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து சூப்பர்வைசர் மோர் வாங்கிக் கொடுத்தார்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு ஊர்க் கதை சொல்லும்போது, கைராசி இல்லாத ஒரு பெண் தொட்டு சாமி மரம் செத்தது என்று சொல்வீர்களானால், இனிமேல் சொல்ல வேண்டாம். ஆசையாகச் சுத்தம் செய்து கொன்றோம் என்று சொல்லுங்கள். ஊரே சேர்ந்து செய்தோம் என்று சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிப் பையனிடம் கேட்டு வாங்கிய ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போனேன். அத்தையின் வீடு ஒற்றை அறை. லாரிகள் போகிற சாலைக்குப் பின்னால். கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரியும். பையைக் கீழே வைத்தேன். என்ன கன்று என்றாள். சொன்னேன். இரண்டு கையையும் இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பேடா கண்ணு, வேணாம். எடுத்துக்கிட்டுப் போயிடு. என் மூச்சுகூட அதும் மேல படக் கூடாது."

எனக்குப் பேச வராது என்று சொன்னேன் அல்லவா. அன்று பேசினேன். அவள் காதருகே குனிந்து, நர்சரிப் பையன் சொன்னது எல்லாவற்றையும், அவள் அன்று மண்ணுக்குள் காட்டிய முடிச்சு என்ன என்பதையும், இந்தப் பையில் இருக்கிற களையை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் இரண்டு முறை சொன்னேன். யார் எடுத்திருந்தாலும் அந்த மரம் செத்திருக்கும், உன் கையில் ஒன்றும் இல்லை அத்தை என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். அவள் அந்தப் பையைப் பார்த்தாள். வெளியே லாரி ஒன்று பின்பக்கமாக எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ பூவு ஏன் வலப்பக்கம் விழுந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை என்று சொல்வது பொய். கிழக்கு வெயில் கல்லின் ஒரு தோளில் மட்டும் விழுந்திருந்ததும், அந்தப் பக்கத்துப் பூதான் சீக்கிரம் காய்ந்து உதிர்ந்திருக்கும் என்பதும் எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. கல் வடக்குப் பார்த்த கல். சாமிக்கு வலப்பக்கம் கிழக்கு. அதை நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவள் தன் கையைக் குற்றம் சொல்லிச் சொல்லி சாமியைக் காப்பாற்றி வைத்திருந்தாள். கையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் நான். மற்றதையும் பிடுங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

"தெரியலையே அத்தே" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்குக் குடிக்கக் கொடுத்த சொம்பில் பாதித் தண்ணீர் மீதமிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து, சொம்பைத் தூக்கி, நாற்காலியிலிருந்து குனிந்தாள். கன்றைத் தொடாமல், விரல் அதன் மேல் படாமல், பையின் ஓரமாக அந்தக் களையின் அடியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.